தலைக்கு ஊற்றாத நாட்கள்

ஜனவரி 6, திங்கள்

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் குளித்தேன். இதையெல்லாமா எழுதுவார்கள் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் எழுத வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இன்றைக்குத்தான் குளிக்கும்போது எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றினேன், சோப்புப் போட்டேன், துடைத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

சனிக்கிழமை பாண்டியில் குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டரம்மா, இன்னும் ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை செய்து இரண்டும் நிற்கவில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தோம். வரும் வழியில் வில்லியனூர் பைபாஸில் ஒரு டீக்கடை முன்னால் புகழ் வண்டியை நிறுத்தினார். (நேரில் 'ஏங்க', இங்கே மட்டும் புகழ். முழுசாகப் புகழ்வேந்தன் என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது.) டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறி ஆடை கட்டிய பிறகு சொன்னார்: "போதும் ஜெயா. ஊசி உனக்குத்தான் போடறாங்க. எனக்கு வெளிய பெஞ்சில உக்கார்ற வேலைதான். அதனால நீ சொல்லு."

போதும் என்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பசி. இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. நிறுத்திவிட்டோம் என்று அத்தையிடம் சொல்ல வேண்டும். தானே சொல்வதாகப் புகழ் சொல்லியிருக்கிறார். கரும்பு வெட்டு முடியட்டுமாம். கரும்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ.

ஜனவரி 7, செவ்வாய்

தலைக்கு ஊற்றினேன். செவ்வாய் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இந்த வீட்டில் குளியல் என் சொந்த விஷயம் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு ஊற்றினால் அது சாதாரணக் குளியல். வேறு நாளில் ஊற்றினால், மாதவிலக்கு வந்து மூன்றாம் நாள் என்று அர்த்தம். நான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு தனியாக உட்காருவது, தட்டைத் தனியாக வைப்பது எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றுவது மட்டும் போகவில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் வெளியே வருவதுதான் 'இந்த மாசமும் இல்லை' என்ற அறிவிப்பு. வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. துண்டு சொல்லிவிடும்.

பார்க்கக்கூட வேண்டியதில்லை. குளியலறை தோட்டத்துப் பக்கம், தகரக் கதவு. அதற்கு நேரே சமையலறைப் படி. அத்தை அந்தப் படியில்தான் அரிவாள்மணையைப் போட்டுக் காய் நறுக்குவார். தோளில் ஊற்றினால் தண்ணீர் வழிந்து மெதுவாக விழும். தலையில் ஊற்றினால் மொத்தமாகச் சிமெண்டுத் தரையில் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் காய் நறுக்குகிற சத்தம் ஒரு நொடி நிற்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். ஆறு வருடமாக அந்த ஒரு நொடியை நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சில மாதம் சத்தம் வராமலிருக்க நன்றாகக் குனிந்து, சொம்பைத் தலையோடு ஒட்டிவைத்து ஊற்றியிருக்கிறேன். வெட்கக்கேடு. சொந்தத் தலையில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவள் இந்த வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 11, சனி

வியாழனிலிருந்தே இடது காதில் வலி. கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆனி மேரி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோள்பட்டை கழன்றுபோகிற மாதிரி தட்டினாள். பாட்டில் மூடிகளில் ஓரம் உடைந்ததைப் பொறுக்கி எடுக்கிற வேலைக்குக் கண் போதும், காது வேண்டாம் என்று நினைத்திருந்தேன். இன்று லீவு போட்டுவிட்டு அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது ஜவ்வில் சின்ன ஓட்டையாம். கொண்டை ஊசியால் குடைந்தாயா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னையே பார்த்தார். ஆமாம் என்றேன்.

ஓட்டை தானாக மூடிக்கொள்ளுமாம். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. தலைக்கு ஊற்றவே கூடாது. மேலுக்குக் குளிக்கும்போதும் பஞ்சில் வாசலின் தடவி இரண்டு காதையும் அடைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று அத்தை கேட்டார். காதில் கோளாறு, தான் சொல்கிறவரை தலைக்கு ஊற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். டாக்டர் சொல்றபடி கேட்டு நட என்றார். எந்தக் காது என்றுகூடக் கேட்கவில்லை. போன வாரம் பாண்டி, இந்த வாரம் அரியூர் என்று நான் ஆஸ்பத்திரியே கதியாக இருப்பதைப் பார்த்து அலுத்துப்போயிருக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

பஞ்சு வைத்துக்கொண்டு முதல் குளியல்.

கதவைச் சாத்திக் காதை அடைத்ததும் வீடே இல்லாமல் போய்விட்டது. காய் நறுக்கும் சத்தம் இல்லை. மாடு இல்லை. எதிர் வீட்டு டிவி இல்லை. சொம்பில் மொண்டு தோளில் ஊற்றினேன். தண்ணீர் மேலே படுவது தெரிந்தது, விழுவது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு சத்தம் கேட்டது. பயந்துவிட்டேன். பார்த்தால் என் மூச்சு.

என் மூச்சை நான் இதுவரை கேட்டதே இல்லை. அது பாட்டுக்குப் போகிறது, வருகிறது. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது புகழ் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோய் நின்றிருந்தார்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பண்டிகை நாளில் தலைக்கு ஊற்றாமல் நின்றது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மாமா போன பிறகு அத்தை, புகழ், நான். அவர்கள் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வர, நான் மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு காய்ந்த தலையோடு புதுப்புடவையில் வந்து நின்றேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

எதிர் வீட்டுத் தையலம்மாள் என் தலையைப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் அத்தையே முந்திக்கொண்டு, ஜெயாவுக்குக் காதுவலி, டாக்டர் தண்ணி படக்கூடாதுன்னுட்டாரு என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. மருமகளுக்குக் காதுவலி வந்ததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மாமியாரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பொங்கல் பானையை இறக்கக் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவரே இறக்கினார். கையில் சூடு பட்டுவிட்டது அவருக்கு. அப்போதும் சிரிப்பு.

ஜனவரி 22, புதன்

வந்தது, போய்க்கொண்டிருக்கிறது. இன்று மூன்றாம் நாள். தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை, டாக்டர் உத்தரவு இருக்கிறது. மேலுக்குக் குளித்துவிட்டு, பின்னலை முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். துண்டும் இல்லை, அந்த ஒரு நொடியும் இல்லை.

ஒரே ஒரு மாதம், எனக்கும் என் உடம்புக்கும் மட்டும் தெரிந்து ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கிறது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு சந்தோஷம். வாத்தியார் வராத வகுப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

ஜனவரி 31, வெள்ளி

அத்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. பத்து நாளாக நான் எழுந்திருக்கும் முன்பே தோட்டத்து அடுப்பில் தென்னமட்டையைச் செருகி அண்டாவில் வெந்நீர் வைத்துவிடுகிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் வாளியைப் பிடுங்கிக்கொள்கிறார். நேற்று சந்தையிலிருந்து மாதுளம்பழம். எனக்கு மட்டும். புகழ் ஒன்றை எடுத்ததற்கு, உனக்கு இன்னாத்துக்கு என்று கையில் ஒரு அடி.

ஒரு காதுவலிக்கு இவ்வளவு மரியாதை இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னமே குடைந்திருப்பேன்.

வெந்நீரும் பஞ்சும் சேர்ந்ததில் என் குளியல் நீண்டுகொண்டே போகிறது. முகம் தெளிவாக இருக்கிறது, என்ன கிரீம் போடுகிறாய் என்று ஆனி மேரி கேட்டாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மெதுவாகக் குளிக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். "நாங்க ஞாயித்துக்கெழம கோயில்ல ஒரு மணி நேரம் முட்டி போட்டாலும் மனசு மார்க்கெட்டுக்குத்தான் போவுது. நீ பாத்ரூம்ல தவம் பண்ணிக்கினு இருக்க," என்றாள்.

புகழ் இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை. கரும்பு வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தவமெல்லாம் இல்லை. என்ன செய்கிறேன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

காதை அடைக்கிறேன். காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தலைக்கு ஊற்றக் கூடாது என்பதால் முதல் சொம்பைக் காலில் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டு வருகிறேன். கழுத்துக்கு வரும்போது தலையைச் சாய்த்து, ஒரு கையைக் காதின் மேல் வைத்து, இன்னொரு கையால் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறேன். அவசரப்பட்டால் காதில் போய்விடும். அதனால் அவசரப்பட முடியாது. அப்படி நிற்கும்போது நினைப்பு எங்கேயாவது கிளம்புகிறது. நாத்தனார் சொன்னது, கம்பெனி சூப்பர்வைசர் முறைத்தது, எதிர் வீட்டுக்காரி பார்த்த பார்வை. கிளம்பியது கொஞ்ச தூரம் போகிறது. அடுத்த சொம்பு மேலே பட்டதும் திரும்பி வந்துவிடுகிறது. அவ்வளவுதான். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது.

முன்பெல்லாம் குளிக்கும்போது வில்லியனூர்க் கோயில் கோகிலாம்பாளைக் கூப்பிடுவேன். கொடு, கொடு என்று ஒரே நச்சரிப்பு. இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்.

இன்று வயிற்றில் சோப்புப் போட்டேன். தினமும் போடுகிறதுதான். ஆனால் பார்த்துப் போட்டேன். ஊசி போட்ட இடத்திலெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது, எல்லாம் மறைந்துவிட்டது. இந்த வயிற்றை நான் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன். பாவம் அது. சோறு போட்டால் வாங்கிக்கொள்கிறது, வலித்தால் சொல்கிறது. அது உண்டு, அதன் வேலை உண்டு. தடவிக் கொடுத்தேன். அழுதேன் கொஞ்சம். ஆனால் துக்கம் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன், துக்கம் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இந்த மாதம் வயிற்றுவலியோடு வந்தது. கம்பெனியிலிருந்து பாதியில் வந்து படுத்துக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்த அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்திருக்காதே, அசையாதே என்று இரண்டு தலையணையைக் காலுக்கு அடியில் வைத்தார். புகழை வயலிலிருந்து கூப்பிடட்டுமா, கார் சொல்லட்டுமா என்று கேட்டார். எதற்கு அத்தை, சுக்குக் கஷாயம் போதும் என்றேன். சூடெல்லாம் குடிக்கக் கூடாது என்று வெறும் பாலைக் கொடுத்தார்.

பூஜை மாடத்தில் மஞ்சள் துணியில் ஏதோ முடிந்து வைப்பதைப் பார்த்தேன். காதுக்கு நேர்த்திக்கடனா? எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாகூரிலிருந்து நாத்தனார் பிரியதர்ஷினி வந்தாள். கை நிறையப் பை. மாங்காய், நெல்லிக்காய், புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல். யாருக்கு இவ்வளவு புளிப்பு என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் என்னை அப்படியே கட்டிக்கொண்டாள். நல்ல காது இருக்கிற பக்கமாக வந்து மெதுவாகச் சொன்னாள்: "அம்மா சொல்லிச்சு அண்ணி. மூணு மாசம் ஆவறவரைக்கும் மூச்சு வுடமாட்டேன்."

அப்போதுதான் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றது. வெந்நீர். மாதுளம்பழம். தலையணை. ஐயோ.

தலைக்கே ஊத்தலையே நான். பொங்கலுக்கும் ஊத்தல. எந்த மாசமும் ஊத்தல. ஆறு வருஷமா சத்தத்தையே கேட்டுக்கினு உக்காந்திருந்தவங்களுக்கு சத்தமே வரலன்னா இன்னா தோணும்? காதுவலின்னு நான் சொன்னத, வெளிய சொல்ல வேணாம்னு மூடி மறைக்கிறேன்னு நினைச்சிருக்காங்க. கெட்டிக்காரி, கண்ணு பட்டுடும்னு பொய் சொல்றான்னு. அதான் அன்னிக்கு அந்த சிரிப்பு.

பிரியாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நான் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். காதை அடைத்தேன். இன்று மூச்சு கேட்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது.

புகழிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரும்பு வெட்டுக்காகக் காத்திருந்தது தப்பு, இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னால் அது அவர்கள் இரண்டு பேர் விஷயமாகிவிடும். குளித்தவள் நான். நான்தான் சொல்ல வேண்டும்.

பயமாக இருக்கிறது. திட்டுவார் என்று இல்லை. இந்த ஆறு வாரம் ஒருத்தர் என்னிடம் அன்பாக இருந்தாங்க, அது எனக்கே எனக்கு வந்ததுன்னு நினைச்சேன். இல்லாத ஒரு குழந்தைக்கு வந்ததாம். நாளைக்கு அதுவும் போய்விடும்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் அத்தை வெந்நீர் அடுப்பில் மட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கீழே உட்காராதே என்று பலகையை நகர்த்தினார். அந்தப் பலகையைப் பார்த்ததும் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

"அத்தை, காதுவலின்னு சொன்னது காதுவலிதான். வேற ஒண்ணும் இல்ல."

அத்தை மட்டையைத் தள்ளுவதை நிறுத்தினார்.

"மெய்யாலுமே காதுதானா?"

ஆமாம் என்றேன். ரெண்டு மாதமும் வழக்கம்போல வந்தது என்றேன். அன்றைய வயிற்றுவலியும் அதுதான் என்றேன். எல்லாம் சொல்லிவிட்டு, இதையும் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று பாண்டி டாக்டரை விட்டுவிட்டோம் என்பதையும் சொன்னேன். ஊசி வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அவரும் சரி என்றார், இனிமேல் போக மாட்டோம் என்றேன்.

திட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னைக் கோமாளி ஆக்கிவிட்டீர்கள், பெத்த மகளிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன் என்றார். சரியாகத்தான் திட்டினார். திட்டி முடித்தும் எழுந்து போகவில்லை. அண்டாவில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"நீ குளிக்கறப்போ நான் கேட்டுக்கினு இருக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை. மொத மாசத்திலேருந்து தெரியும்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். புகையாகவும் இருக்கலாம். நான் அந்த வெந்நீரில் குளித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். எவ்வளவோ நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஆனி மேரிதான் சேதராப்பட்டில் கம்பெனி வாசலில் எழுப்பினாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுந்ததும் ஓடிப்போய்த் தோட்டத்தில் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்டாவில் வெந்நீர்.

அத்தை பேசவில்லை. ஆனால் வெந்நீர் இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

நான்கு நாளாகப் பேச்சு இல்லை. வெந்நீர் தினமும் இருக்கிறது. மாதுளம்பழம் மட்டும் நின்றுவிட்டது. அது நியாயம்தான்.

இன்று குளித்துவிட்டு வெளியே வந்தால் சமையலறைப் படி காலியாக இருந்தது. அத்தை அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏன் அம்மா இங்கே வந்துவிட்டாய் என்று புகழ் கேட்டார். பின்னால் கொசு கடிக்கிறது என்றார்.

தோட்டத்தில் இத்தனை வருடமாகக் கடிக்காத கொசு.

எனக்கு அந்தக் கொசுவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காயை வாங்கிக் காம்பு கிள்ளிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை அவராகவே ஆரம்பித்தார். பிரியாவுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். அவள் அழுதாளாம். மாங்காயை என்ன செய்வது என்று கேட்டாளாம். ஊறுகாய் போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். தான் கல்யாணமாகி வந்தபோது குளியலறையே கிடையாது, மோட்டார் கொட்டாய்த் தொட்டியில்தான் குளியல். புகழ் பிறக்கும்வரை அத்தையின் மாமியார் கூடவே வந்து வரப்பில் நிற்பாராம். அதனால் அத்தை நாலு சொம்பை ஊற்றிக்கொண்டு ஓடிவந்துவிடுவாராம். "இன்னும் அப்படியேதான் ஊத்திக்கிறேன். பழகிப்போச்சு," என்றார். நான் அடுத்த கத்திரிக்காயின் காம்பைக் கிள்ளினேன்.

மார்ச் 10, திங்கள்

அரியூர். காது மூடிக்கொண்டது. பஞ்சு வேண்டாம், தலைக்கும் ஊற்றலாம் என்றார் டாக்டர். கொண்டை ஊசி கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. ஊற்றியிருக்கலாம். வேண்டுமென்றே ஊற்றவில்லை.

மார்ச் 12, புதன்

புதன்கிழமை, காரணமே இல்லாமல், தலைக்கு ஊற்றினேன். காதில் பஞ்சு இல்லை.

முதல் சொம்பைத் தூக்கிவிட்டுக் கொஞ்சம் தயங்கினேன். பழைய பயம். குனியவில்லை. நிமிர்ந்து நின்று, கையை நன்றாக உயர்த்தி ஊற்றினேன். மொத்தத் தண்ணீரும் தரையில் அடித்த சத்தத்தில் தகரக் கதவெல்லாம் அதிர்ந்தது. எல்லாச் சத்தமும் கேட்டது: மாடு, டிவி, மோட்டார், வாசலில் அத்தையும் தையலம்மாளும் பேசுவது. காது திறந்துவிட்டால் அந்த அமைதி போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. சத்தம் எல்லாம் வெளியே இருந்தது, நான் தண்ணீருக்குள் இருந்தேன். இரண்டு மாத அழுக்கு. சீயக்காய் போட்டுப் போட்டுத் தேய்த்தேன். தலையே பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது.

தலையில் துண்டோடு வாசலுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தையலம்மாள் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இன்னா ஜெயா, புதன்கெழமையில தலைக்கு ஊத்தியிருக்க?"

அத்தை தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வேர்த்துச்சு, குளிச்சா. நீ கீரைய உருவு."

தையலம்மாள் உருவினார். நான் வெயிலில் நின்று தலையை உலர்த்தினேன்.

மார்ச் 27, வியாழன்

கரும்பு வெட்டு முடிந்தது. அம்மாவிடம் இப்போது சொல்லிவிடட்டுமா என்று புகழ் கிண்டலாகக் கேட்டார். சொம்பால் ஒன்று கொடுத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் மாற்றுத்துணியோடு போனால் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அத்தை. விடியும் முன்பே நாலு சொம்பை ஊற்றிக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஆள். இன்று வெயில் வந்துவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை.

சமையலறைப் படியில் நின்றேன். ஒரு சொம்பு விழுந்தது, தோளில்தான். பிறகு சத்தமே இல்லை. எவ்வளவோ நேரம் கழித்து இன்னொரு சொம்பு, மெதுவாக. மறுபடி ஒன்றும் இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் சுருக்கென்றது, எந்தப் படியில் நின்று என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. அங்கிருந்து நகர்ந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த புகழ், அம்மா எங்கே என்று கேட்டார். குளிக்கிறார்கள் என்றேன். இவ்வளவு நேரமா, மயக்கம் கியக்கம் வந்திருக்கப் போகிறது, தட்டிப் பார்க்கிறேன் என்று தோட்டத்துப் பக்கம் கிளம்பினார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒண்ணும் ஆகல. வுடுங்க, குளிக்கட்டும்."

கம்பெனி பஸ் முனையில் ஹாரன் அடித்தது. வாசல் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கலைந்த தலையைக் கையாலேயே கோதிப் பின்னிக்கொண்டு ஓடினேன். இன்று குளிக்காமல்தான் வேலைக்குப் போனேன்.